பெயர் ஒன்றானால் ஆள் ஒன்றா?

தேர்தல் வந்தால் இடுக்கி மாவட்டத்தில் தவறாமல் எழும் புகார் ஒன்று உண்டு. உடும்பன்சோலை, தேவிகுளம், பீருமேடு தொகுதிகளில் ஓட்டுள்ள தமிழ்த் தொழிலாளர்கள் பலருக்கு மலைக்குக் கீழே, தேனி மாவட்டத்திலும் ஓட்டு இருக்கிறது என்பதுதான் அது. 2021 சட்டமன்றத் தேர்தலில் இரு மாநிலங்களும் ஏப்ரல் 6 அன்று ஒரே நாளில் வாக்களித்தன. மக்களவைத் தேர்தல்களில் அப்படி அமையவில்லை. 2019-இல் தமிழ்நாடு ஏப்ரல் 18, கேரளம் ஏப்ரல் 23. 2024-இல் தமிழ்நாடு ஏப்ரல் 19, கேரளம் ஏப்ரல் 26. இரு மாவட்டங்களுக்கும் நடுவிலுள்ள கம்பம்மெட்டு ஏறி இறங்க இந்த இடைவெளி தாராளம். எனவே புகாரை வெறும் அரசியல் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் இதற்குச் சொல்லப்படும் மருந்து, இரண்டு பட்டியலையும் கணினியில் போட்டு ஒன்றாக்கி, இரட்டையாக வருவதை நீக்கிவிடுங்கள் என்பது, நோயைவிடக் கொடியதாக முடியலாம். கணினி சந்தேகத்தைச் சுட்டிக்காட்டுவதோடு நிற்க வேண்டும். எந்தப் பதிவு இருக்கும், எது போகும் என்பதைச் சம்பந்தப்பட்ட வாக்காளரைக் கேட்ட பிறகே முடிவுசெய்ய வேண்டும்.

காரணம் அந்தத் தொழில்நுட்பத்துக்குள்ளேயே இருக்கிறது. பல கோப்புகளை ஒன்றாக்குவது கணினித் துறையில் அன்றாட வேலை. எக்ஸ்எம்எல் வடிவக் கோப்பில் பெயர், தகப்பனார் பெயர், வயது, முகவரி என ஒவ்வொரு விவரமும் தனித்தனியே அடையாளமிடப்பட்டிருக்கும். அத்தகைய கோப்புகளை மாற்றியமைக்கும் எக்ஸ்எஸ்எல்டி மொழியில் ஸ்டைல்ஷீட் எனும் நிரல் ஒன்றை எழுதினால் பத்துக் கோப்புகளையும் சேர்த்து, ஒத்த பதிவுகளைக் குழுவாக்கி, குழுவுக்கு ஒன்றை மட்டும் வெளியே விடலாம். அந்த மொழியின் 1999-இல் வந்த முதல் பதிப்பில் இதற்கு நேரான கட்டளை கிடையாது. ஸ்டீவ் மியூன்ச் என்பவர் பரப்பிய உத்தியை வைத்துத்தான் காலம் தள்ளினார்கள். 2007-இல் வந்த இரண்டாம் பதிப்பு குழுவாக்கலுக்கென்றே ஒரு கட்டளை தந்தது. நிரல் எழுதுவது எளிதாகிவிட்டது. எழுதுபவர் எடுக்க வேண்டிய இரண்டு முடிவுகள் மட்டும் எளிதாகவில்லை. எந்தெந்த விவரங்கள் ஒத்தால் இரண்டு பதிவும் ஒன்று? ஒன்றுதான் என்றால் எதை வைத்துக்கொள்வது? இரண்டாவது கேள்விக்கு வழக்கமான நிரல் தரும் பதில், முதலில் வந்தது நிற்கும் என்பது. விலைப்பட்டியலில் இதனால் பாதகமில்லை. வாக்காளர் பட்டியலில் இப்படிச் செய்தால், கேரளக் கோப்பு முதலில் ஏறினால் கம்பத்து ஓட்டு போகும், தமிழ்நாட்டுக் கோப்பு முதலில் ஏறினால் நெடுங்கண்டத்து ஓட்டு போகும். தேர்தல் ஆணையம் இந்த மொழியைத்தான் பயன்படுத்துகிறது என்று சொல்ல வரவில்லை. எந்த மென்பொருளானாலும் இந்த இரண்டு கேள்விகளுக்கும் மனிதர் யாராவது விடை சொல்லியே தீர வேண்டும்.

முதல் கேள்வியே கம்பம் பள்ளத்தாக்கில் சிக்கலானது. ஒரே தெருவில் நாலு முருகன், மூன்று பாண்டியம்மாள் இருப்பது இங்கே புதுமையல்ல. தகப்பனார் பெயரும் குலதெய்வத்தின் பெயராகவே இருக்கும். பிறந்த தேதிக்குச் சான்று இல்லாத மூத்த தலைமுறைக்கு வயது ஒரு மதிப்பீடுதான். இங்கே இனிஷியலாக நிற்பது அங்கே முழுப் பெயராக விரியும். தமிழில் எழுதியது மலையாளத்துக்கும் ஆங்கிலத்துக்கும் போகும்போது எழுத்து மாறும். இங்கே தெருவும் கதவு எண்ணும், அங்கே தோட்டத்தின் பெயரும், லயம் எனும் தொழிலாளர் குடியிருப்பு வரிசையும். விவரங்கள் அச்சாக ஒத்திருக்க வேண்டும் என்று விதித்தால் உண்மையான இரட்டைப் பதிவுகள் தப்பிவிடும். தளர்த்தினால் வெவ்வேறு மனிதர்கள் ஒரே ஆளாகிவிடுவார்கள். வாக்காளர் அட்டை எண்ணை வைத்துப் பார்க்கலாமே என்றால், இரு மாநிலத்திலும் பதிந்தவரிடம் இரண்டு அட்டையும் இரண்டு எண்ணும் இருக்கக்கூடும். வேறு வேறு மாநிலங்களில் வெவ்வேறு நபர்களுக்கு ஒரே எண் தரப்பட்டிருந்ததைத் தேர்தல் ஆணையமே 2025 மார்ச்சில் ஒப்புக்கொண்டது. எல்லா மாநிலத் தரவும் ஈரோநெட் என்ற ஒரே தளத்துக்கு வருமுன் அந்தந்த மாநிலம் தனித்தனியாக எண் வழங்கியதன் விளைவு அது.

ஒப்பீட்டை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதைக் கேரளமே காட்டியிருக்கிறது. 2021 தேர்தலின்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ரமேஷ் சென்னித்தலா, மாநிலம் முழுவதும் 4 லட்சத்துக்கு மேற்பட்ட இரட்டைப் பதிவுகள் இருப்பதாகக் கூறி, அந்தப் பட்டியலை 'ஆபரேஷன் ட்வின்ஸ்' என்ற பெயரில் இணையத்திலேயே வெளியிட்டார். உண்மையாகவே இரட்டையராகப் பிறந்தவர்களின் பெயர்களும் அதில் இடம்பெற்றதாகச் செய்திகள் வந்தன; பெயருக்கேற்ற பொருத்தம்தான். இது குறித்த வழக்கில் கேரள உயர் நீதிமன்றத்தில் ஆணையம் ஒப்புக்கொண்ட எண்ணிக்கை 38,586. ஆணையம் குறைத்துச் சொன்னது என்று வாதிடலாம். அப்படியே கொஞ்சம் கூட்டிக்கொண்டாலும், கணினி காட்டியதற்கும் ஆள் வைத்துச் சரிபார்த்ததற்கும் உள்ள தூரம் பெரிது. அந்த வழக்கில் பெயர்கள் ஒட்டுமொத்தமாக நீக்கப்படவில்லை. வாக்குச்சாவடியில் உறுதிமொழி வாங்கி, படமெடுத்து, ஒருவர் ஒரு முறை மட்டும் வாக்களிப்பதை உறுதிசெய்யும் வழிதான் எடுக்கப்பட்டது. நிதானமான தீர்வு.

ஆதாரை இணைத்துவிட்டால் இந்தக் குழப்பமே இராதே என்பது வலுவான ஆட்சேபம். இரண்டு பதிவும் ஒரே ஆளுடையவையா என்ற கேள்விக்கு ஆதார் பெரும்பாலும் விடை சொல்லும் என்பதை ஏற்கலாம். அந்த ஆளின் ஓட்டு எங்கே இருக்க வேண்டும் என்பதை அது சொல்லாது. சட்டம் கேட்பது, வழக்கமாகக் குடியிருக்கும் இடம். வாரத்தில் ஆறு நாள் வண்டன்மேட்டு லயத்திலும், ஞாயிறு, திருவிழா, ரேஷன், பிள்ளைகள் படிப்பு எல்லாம் சின்னமனூரிலுமாக வாழ்பவரின் வழக்கமான இடம் எது? அதை அவர்தான் சொல்ல வேண்டும். மேலும், ஆதாரை வைத்துப் பட்டியலைச் சுத்தப்படுத்த ஆணையம் 2015 மார்ச்சில் தொடங்கிய திட்டம், உச்ச நீதிமன்ற இடைக்கால உத்தரவால் அந்த ஆகஸ்டிலேயே நின்றது. அதற்குள் பெயர்கள் கழிக்கப்பட்ட தெலங்கானாவில், 2018 டிசம்பர் தேர்தலில் ஏராளமானோர் பட்டியலில் பெயரில்லாமல் திரும்பினார்கள். தலைமைத் தேர்தல் அதிகாரி வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று.

முதலில் நீக்குவோம், உண்மையான வாக்காளர் வந்து திரும்பச் சேர்த்துக்கொள்ளட்டும் என்பது இன்னொரு வாதம். சட்டம் இதற்கு இடம் தரவில்லை. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதியில் பதிவாகக் கூடாது என்கிறது. பொய் உறுதிமொழி தந்தால் 31-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறைகூட உண்டு. அதே சட்டத்தின் 22-ஆம் பிரிவு, குடியிருப்பு மாறிவிட்டார் என்று ஒருவர் பெயரை நீக்குமுன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்றும் சொல்கிறது. பின்னதை மறந்துவிட்டு முன்னதை மட்டும் நடத்துவது தினக்கூலிக்காரருக்குப் பெரிய அநியாயம். திரும்பச் சேர்க்க அவர் ஒரு நாள் கூலியை விட வேண்டும். இந்த அச்சம் வெறும் கற்பனையல்ல. 2025 டிசம்பர் 19 அன்று வெளியான தமிழ்நாட்டு வரைவு வாக்காளர் பட்டியலில் சுமார் 97.37 லட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. அவற்றில் இரட்டைப் பதிவு என்று குறிக்கப்பட்டவை 3.39 லட்சம்தான், இடம்பெயர்ந்தோர், வீட்டில் இல்லாதோர் என்ற கணக்கு 66 லட்சத்தைத் தாண்டியது. தோட்டத் தொழிலாளிக்கு மெய்யான ஆபத்து இங்கேதான். பூத் அலுவலர் கீழே வீட்டுக்கு வரும் வேளையில் அவர் மலையில் இருப்பார். மேலே லயத்துக்கு வரும் வேளையில் ஊரில் இருப்பார். இரண்டு ஓட்டு இருந்தவருக்கு ஒன்றுகூட இல்லாமல் போகலாம்.

செய்ய வேண்டியது பெரிய வேலையல்ல. தேனி, இடுக்கி இரு மாவட்டத் தேர்தல் அலுவலர்களும் சேர்ந்து சந்தேகப் பட்டியலை எடுக்கட்டும். தமிழிலும் மலையாளத்திலும் அதைப் பஞ்சாயத்து அலுவலகங்களிலும் தோட்டங்களிலும் ஒட்டட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பம், போடி, கூடலூரில் கூட்டு முகாம் வைத்து, எந்த ஊர் ஓட்டு வேண்டும் என்று கேட்டு, ஒரே மேசையில் ஒன்றைச் சேர்த்து மற்றதை நீக்கட்டும். வராதவரின் இரண்டு பதிவுகளையும் நீக்காமல், கேரளம் 2021-இல் செய்ததுபோல் வாக்குச்சாவடியில் உறுதிமொழி வாங்கட்டும். இரண்டு அட்டை வைத்திருப்பவர்களும் முகாமுக்காகக் காத்திருக்க வேண்டாம்: வேண்டாத ஊரின் பெயரை நீக்கப் படிவம் 7-ஐ இப்போதே நிரப்பிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.