பில் 1,500 ரூபாய், பீட்சா ஆறிப்போச்சு: வாய் திறந்து கேட்பது கௌரவக் குறைச்சலா?

ராஜபாளையத்தில் எந்தப் பரோட்டா கடையிலும் சால்னா வர லேட்டானால், “அண்ணே, இங்க சால்னா!” என்று உடனே ஒரு குரல் போகும். பரோட்டா ஆறியிருந்தால், “மாஸ்டர், சூடா ஒண்ணு போடுங்க” என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்வார்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. சூடாக வேறு வந்துவிடும்.

அதே ஆட்கள் முதல் சம்பளத்துக்கோ பிறந்தநாளுக்கோ ஏசி ஓடும் பெரிய பீட்சா உணவகத்துக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆர்டர் வர முக்கால் மணி நேரம். வந்த பீட்சாவில் சீஸ் இறுகி ரப்பர் மாதிரி. தண்ணீர் கேட்டால் பாட்டில் மட்டும்தான். பில் 1,500 ரூபாய். “எப்படி சார் இருந்துச்சு?” என்று கேட்டால் “சூப்பர்!” என்று பதில். வண்டியை எடுத்த பிறகுதான் புலம்பல் ஆரம்பம்.

பில் கூடக்கூடக் குரல் குறைவது என்ன கணக்கு? ‘மெனு படிக்கத் தெரியாதவன்னு நினைச்சுடுவாங்களோ’ என்ற கூச்சம்தான் காரணம். சிறு நகரங்களில் அது கொஞ்சம் கூடுதல். அந்தக் கூச்சம் உணவகத்துக்கு லாபம், சாப்பிட வந்தவருக்கு நஷ்டம்.

*‘சாப்பாடு ஓகே, சர்வீஸ்தான் மோசம்’: சரியா?*

பீட்சா விஷயத்தில் இரண்டையும் பிரிக்கவே முடியாது. நேப்பிள்ஸ் பாணி பீட்சா 400 டிகிரி செல்சியஸைத் தாண்டிய விறகு அடுப்பில் 60 முதல் 90 விநாடிகளில் வெந்துவிடும். வெளியே வந்ததும் சாப்பிட வேண்டும். கவுன்ட்டரில் பத்து நிமிடம் கிடந்தால் சீஸ் இறுகும், அடிப்பகுதி ஈரம் இழுத்துத் தோல் மாதிரி ஆகிவிடும். கொண்டுவந்து வைக்க ஆள் இல்லை என்றால், அது சமையலிலேயே குறை.

*சீஸ் பற்றிக் கேட்கலாமா?*

தாராளமாக. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாலும் சர்க்கரையும் மட்டும்தான் அதன் சரக்கு. வேறு ஏதாவது கலந்திருந்தால் அந்த ஊர்க்காரர் நாக்கில் வைத்ததுமே சொல்லிவிடுவார். பீட்சாவுக்கும் அதே நாக்குதானே? பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் சேர்த்த பொருளை ‘சீஸ்’ என்ற பெயரில் விற்கக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. “இது பால்ல செஞ்ச சீஸா?” என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல.

*‘சர்வீஸ் சார்ஜ்’ கட்டியே ஆகணுமா?*

வேண்டாம். ஜி.எஸ்.டி. என்பது வரி; சாதாரண உணவகங்களில் 5 சதவீதம். சர்வீஸ் சார்ஜ் வரி இல்லை, உணவகம் தானே சேர்ப்பது. இதைத் தானாக பில்லில் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. உணவக சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச் 28-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்தது. சங்கங்கள் மேல்முறையீட்டுக்குப் போயிருக்கின்றன. “இதை எடுத்துடுங்க” என்று சொன்னால் போதும். டிப்ஸ் கொடுக்க மனமிருந்தால், பரிமாறியவர் கையில் நேராகக் கொடுக்கலாம்.

*ஒரு ஊறுகாய், 35,025 ரூபாய்*

‘இதுக்கெல்லாம் கோர்ட்டுக்குப் போவாங்களா?’ என்றால், போயிருக்கிறார்கள். விழுப்புரத்தில் 2022 நவம்பரில் ஒருவர் தலா 80 ரூபாய்க்கு 25 பார்சல் சாப்பாடு வாங்கினார். எதிலும் ஊறுகாய் இல்லை. அதற்கான 25 ரூபாயைத் திருப்பிக் கேட்டதற்குக் கடை மறுத்தது. 2024-ல் நுகர்வோர் ஆணையம், ஊறுகாய்க்கு 25 ரூபாயும், மன உளைச்சலுக்கு 30,000 ரூபாயும், வழக்குச் செலவுக்கு 5,000 ரூபாயும் கொடுக்க உத்தரவிட்டது. சொன்னதைக் கொடுக்கவில்லை என்பதுதான் அங்கே விஷயம்.

ஆனால் ருசி பிடிக்கவில்லை என்பது மட்டும் வழக்காகாது. மெனுவில் போட்டது வராதது, கெட்டுப்போனது, பில்லில் தப்பு, கட்டாய சர்வீஸ் சார்ஜ் ஆகியவை வேறு.

*என்ன செய்யலாம்?*

• இரண்டு வாய் சாப்பிட்டதுமே சொல்லுங்கள். முழுசாக முடித்துவிட்டுச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.
• பரிமாறுபவரிடம் கத்தாதீர்கள். சமையலறைத் தாமதத்துக்கு அவர் பொறுப்பல்ல. மேலாளரைக் கூப்பிடுங்கள்.
• வேறு பீட்சாவா, பில்லில் கழிவா? என்ன வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள்.
• பில், மெனு, தட்டு மூன்றையும் போட்டோ எடுத்து வையுங்கள்.
• பிரச்சினை தீரவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.
• அதற்கும் மேலே போகணும் என்றால், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.

விருதுநகர் மாவட்டத்துக்கான அந்த ஆணையம் இயங்குவது ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். ராஜபாளையத்துக்காரருக்கு ஒரு பஸ் தூரம். ஆனால் பெரும்பாலான குறைகள் அங்கே வரை போகத் தேவையே இல்லை. மேசையிலேயே, தாழ்ந்த குரலில், “சார், இது ஆறியிருக்கு. மாத்திக் கொடுங்க” என்று சொன்னாலே தீர்ந்துவிடும். நல்ல உணவகம் அதைக் கேட்டு மாற்றிக்கொள்ளும். கேட்டதற்கு முகம் சுளிக்கிற கடைக்கு இன்னொரு முறை 1,500 ரூபாய் எதற்கு?