சுகருக்கு ஒரு நாள், மனசுக்கு ஒரு நாள்: போகிற கூலிக்கு யார் பொறுப்பு?

சர்க்கரை நோய் பணக்கார வியாதி என்று இன்னும் நம்புகிறவர்கள் ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ராணிப்பேட்டைக் காலனிகளில் ஒருமுறை நடந்து பார்க்கட்டும். தோல் ஷாப்பில் டிரம் அருகே நின்று வேலை செய்கிற அண்ணனுக்குச் சுகர். ஷூ கம்பெனியில் தைக்கிற அக்காவுக்குச் சுகர். திண்ணையில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தை ஊசியால் கோர்க்கிற அம்மாவுக்கும் சுகர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023-இல் வெளியானபோது, தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொன்னது. ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர்.

இதே வீடுகளில் இன்னொரு நோயும் இருக்கிறது. அதற்கு யாரும் பெயர் சொல்வதில்லை. "அவளுக்கு மனசு சரியில்லை", "அவன் ஒரு மாதிரி" என்பதோடு பேச்சு நின்றுவிடும். மனச்சோர்வாக இருக்கலாம். சில வாரம் தூக்கமே இல்லாமல் பறந்து, பிறகு பல வாரம் படுத்தே கிடக்கிற இருமுனைக் கோளாறாக இருக்கலாம். சுகர் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல ஏறக்குறைய இரு மடங்கு என்பது மருத்துவம் பல காலமாகச் சொல்வது. இருமுனைக் கோளாறு உள்ளவர்களிடம் சுகர் அதிகம் காணப்படுவதும் தெரிந்த விஷயம். ஆக, இந்த இரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்திருப்பது அபூர்வமல்ல.

ஆனால் நம் அரசு அமைப்பில் அந்த ஓர் உடம்பு இரண்டாகப் பிரிக்கப்படுகிறது. சுகர் மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும். மனநல மருத்துவர் தாலுகா மருத்துவமனைக்குக் குறிப்பிட்ட நாளில்தான் வருவார், இல்லையென்றால் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரண்டு சீட்டு, இரண்டு வரிசை, இரண்டு நாள். மாதச் சம்பளக்காரருக்கு இது அலைச்சல். ஜோடிக் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு இரண்டு நாள் வருமானம். எந்த நாளை விடுவது என்று வரும்போது பெரும்பாலும் விடப்படுவது மனசுக்கான நாள்தான். அது விடுபட்டால் தூக்கம் கெடும், சாப்பாடு நேரம் தவறும், சுகர் மாத்திரையும் மறக்கும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஏறி நிற்கும். மருத்துவர், "ஏன் ஒழுங்காக மாத்திரை போடவில்லை?" என்று திட்டுவார். திட்டு வாங்கியவர் அடுத்த மாதம் வரமாட்டார்.

இதைத் தனிமனித ஒழுக்கக் குறைவு என்று சொல்வதை நாம் ஏற்க முடியாது. ஆட்டு மாட்டுத் தோலை உப்பிலும் சுண்ணாம்பிலும் ஊறவைத்துச் சதை வழிக்கிற வேலைக்குத் தலைமுறை தலைமுறையாக யார் தள்ளப்பட்டார்கள் என்று இந்த வட்டாரத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பாலாற்றை நஞ்சாக்கிய கழிவுநீர் குறித்து உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் மீண்டும் தீர்ப்பளிக்க வேண்டி வந்தது. இழந்த நிலத்துக்கும் கெட்ட கிணற்றுக்கும் நட்ட ஈடு பேசப்படுகிறது, அது நியாயம். அந்த வேலையே சுமையாகி உடைந்த மனசுக்கு எந்தப் பேரேட்டிலும் பத்தி இல்லை.

உணவு அறிவுரையைப் பாருங்கள். ஓட்ஸ் சாப்பிடுங்கள், பாதாம் சாப்பிடுங்கள் என்கிறது சுவரொட்டி. நம் வீட்டில் இருப்பது ரேஷன் அரிசி. அதோடு மலிவாகக் கிடைக்கும் நல்ல புரதம் மாட்டுக்கறி. சோற்றைக் குறைத்து, பருப்பு, முட்டை, கொழுப்பில்லாத கறி, கீரை என்று தட்டை நிரப்பலாம். சிறுநீரகம் பாதித்தவருக்கு மட்டும் அளவு வேறு. இதைச் சொல்லப் பலருக்கு நா எழுவதில்லை. 2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்த மாவட்ட நிர்வாகம் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடம் தரவில்லை. எதிர்ப்பு கிளம்பியது, மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது, கடைசியில் மழையைக் காரணம் காட்டி விழாவே தள்ளிப்போனது. நம் தட்டைப் பார்க்கவே கூசுகிற அமைப்பு, அந்தத் தட்டை வைத்துச் சுகரைக் கட்டுப்படுத்துவது எப்படி என்று நமக்குச் சொல்லித் தருமா?

மருந்துகளைப் பற்றி இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. ஓலான்சபின், குளோசபின் போன்ற மனநல மாத்திரைகள் உடல் எடையையும் சர்க்கரையையும் ஏற்றக்கூடியவை. அவற்றைத் தொடங்கும்போதும் பிறகு சீராகவும் எடை, சர்க்கரை, கொழுப்பு பார்க்கச் சொல்லிக் கேட்பது நம் உரிமை. இருமுனைக் கோளாறுக்குத் தரும் லித்தியத்துக்கு ரத்தத்தில் அதன் அளவும் சிறுநீரகமும் சோதிக்கப்பட வேண்டும். வெயிலில் வியர்த்து நீர் வற்றினாலும், வயிற்றுப்போக்கு வந்தாலும் லித்தியம் ரத்தத்தில் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். டைக்ளோபினாக், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளும் அப்படியே ஏற்றக்கூடியவை. நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்கிறவர் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடுவது இந்த வலி மாத்திரைகளைத்தான். அடிக்கடி தாகம், அடிக்கடி சிறுநீர் என்பது சுகராலும் வரும், லித்தியத்தாலும் வரும். இரண்டு மருத்துவரும் ஒரே சீட்டைப் பார்த்தால்தான் எது எதனால் என்று புரியும்.

இன்னொன்று. சாப்பிடப் பிடிக்காமல் படுத்திருப்பவர் கிளைமிப்பிரைடு மாதிரி மாத்திரையை மட்டும் போட்டால் சர்க்கரை தாழும். கை நடுங்கும், வியர்க்கும், பேச்சு குழறும். அதைப் பார்த்து "குடிச்சிருக்கான்", "பேய் பிடிச்சிருக்கு", "பைத்தியம் முத்திடுச்சு" என்று முடிவு கட்டாதீர்கள். விழுங்க முடிந்தால் முதலில் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மனநல மாத்திரையையோ சுகர் மாத்திரையையோ மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

கால்களையும் மறக்கக் கூடாது. 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதம் அழிவதற்குக் காரணம் வலி தெரியாமல் போவதே என்று காட்டினார். பிறகு அமெரிக்காவில் அதே அறிவை நீரிழிவுப் பாதங்களுக்குப் பயன்படுத்தினார். உணர்விழந்த பாதத்துக்கான மிருதுவான எம்.சி.ஆர். செருப்பு நம் கரிகிரியில் நன்கு தெரிந்த பொருள். உலகத்துக்கே ஷூ தைக்கிற ஊரில், சுகர் உள்ள தொழிலாளி உப்புத் தண்ணீரிலும் சுண்ணாம்புச் சேற்றிலும் நிற்கிறார். மனச்சோர்வில் இருப்பவர் குளிக்கவே எழ மாட்டார், உள்ளங்காலை எங்கே பார்ப்பார்? வீட்டில் ஒருவர் தினமும் பார்க்க வேண்டும்.

சட்டம் நம் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, சாதி, வர்க்கம், பாலினம் எதன் பேரிலும் பாகுபாடு இல்லாத மனநல சிகிச்சையை உரிமை என்கிறது. அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள் சமுதாய நல மையம் முதற்கொண்டு இலவசமாக, எப்போதும் கிடைக்க வேண்டும் என்கிறது. இ.எஸ்.ஐ.யில் நீண்டகால நோய்களுக்கான பட்டியல் ஒன்று உண்டு. கடும் மனச்சோர்வு வகையும் இருமுனைக் கோளாறும் அதில் இருக்கின்றன. காலிலோ கண்ணிலோ சிறுநீரகத்திலோ இறங்கிவிட்ட நீரிழிவும் இருக்கிறது. தகுதி உள்ளவருக்கு 80 விழுக்காடு கூலியோடு இரண்டு ஆண்டு வரை விடுப்புப் பயன் கிடைக்க வழி உண்டு. ஆனால் தொடர்ந்து வேலையும் சந்தாவும் இருந்ததைக் காட்ட வேண்டும். திண்ணையில் தைக்கிற அம்மாவுக்குச் சந்தா கட்டுபவர் யார்? அவர் எந்தக் கம்பெனியின் வருகைப் பதிவேட்டிலும் இல்லை.

மாற்று வழி கற்பனை அல்ல. சென்னை உட்பட நான்கு நகரங்களில், சுகரும் மனச்சோர்வும் சேர்ந்திருந்த 404 பேரிடம் ஒரு சோதனை நடந்து 2020-இல் முடிவு வெளியானது. மருத்துவர் அல்லாத ஒரு பராமரிப்பாளர் இரண்டு நோயையும் சேர்த்துக் கவனித்தார், அவருக்குப் பின்னால் நிபுணர்கள் இருந்தார்கள். இரண்டு ஆண்டு முடிவில், மனச்சோர்வு பாதியாகக் குறைந்ததோடு சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றில் ஒன்றாவது முன்னேறியவர்கள் அந்தக் குழுவில் 71.6 விழுக்காடு, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 57.4 விழுக்காடு. மனச்சோர்வில் இவ்வளவு செய்ய முடிந்தால் இருமுனைக் கோளாறுக்கும் முயன்று பார்க்கலாம்.

அதற்கான ஆளும் நம்மிடம் இருக்கிறார். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பி.பி. மாத்திரையோடு வீட்டுக்கு வருகிற அக்காதான் அவர். தொடங்கியபோது அறிவித்த சேவைகளில் மனநல மாத்திரை இல்லை. எனவே நம் கோரிக்கைகள் எளியவை. அந்தப் பையிலேயே மனநல மாத்திரையும் வரட்டும், அக்காவுக்கு அதற்கான பயிற்சியும் கூடுதல் ஊதியமும் கிடைக்கட்டும். தாலுகா மருத்துவமனையில் சுகர் பிரிவும் மனநலப் பிரிவும் ஒரே நாளில், ஒரே சீட்டில் இயங்கட்டும். வீட்டிலிருந்து ஷூ தைக்கும் பெண்களுக்கு இ.எஸ்.ஐ. வரட்டும்.

தோழர்களே, அண்ணல் அம்பேத்கர் பல ஆண்டுகள் நீரிழிவோடும் நரம்பு வலியோடும் போராடியவர். 1951 ஆகஸ்ட் 10-இல் நேருவுக்கு எழுதிய கடிதத்தில், தன் உடல்நிலை தனக்கும் மருத்துவர்களுக்கும் கவலை தருவதாகவும், சிகிச்சைக்குப் போகுமுன் இந்து சட்டத் தொகுப்பு மசோதா முடிய வேண்டும் என்றும் அவர் குறிப்பிட்டார். நோயை மறைக்கவில்லை, அதைச் சொல்லியே அரசியலைக் கேட்டார். மாத்திரை போடுவதும், "எனக்கு முடியவில்லை" என்று சொல்வதும் இயக்கத்துக்கு இழுக்கல்ல. கூட்டம் நடத்தும்போது சாப்பாட்டு நேரத்தைத் தாண்டாதீர்கள். காணாமல் போன தோழரைத் தேடிப் போய்ப் பாருங்கள். இரவில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற எண்ணை எல்லோரும் கைபேசியில் பதிந்து வையுங்கள். வருகிற கிராம சபையில் இந்த மூன்று கோரிக்கைகளையும் தீர்மானமாகக் கொடுங்கள்.

ஜெய் பீம்!