பெட்டியின்மேல் எழுதப்படாத எண்

கோலார் தங்கவயலுக்கு அண்மையில், பாலாற்று நீரைத் தேக்கி நிற்கும் பேரேரியின் கரையில் அமைந்தது பேத்தமங்களா. சுரங்கங்களுக்கும் அவற்றைச் சூழ்ந்த குடியிருப்புகளுக்கும் குடிநீர் இறைத்து அனுப்பிய ஊர் அது. நீர் இங்கிருந்து சென்றது. மின்சாரமோ காவிரிக் கரையிலுள்ள சிவசமுத்திரத்திலிருந்து, ஏறத்தாழ 92 மைல் நீளமுள்ள கம்பிகளின் வழியே, 1902ஆம் ஆண்டில் தங்கவயலை வந்தடைந்தது. அம்மின்சாரம் வினாடிக்கு 25 சைக்கிள் அதிர்வெண் கொண்டது. பின்னாளில் நாடெங்கும் நிலைபெற்றது 50 சைக்கிள். நான்கு துருவங்களுடைய ஒத்தியங்கு மோட்டார் முதல்வகை மின்சாரத்தில் நிமிடத்திற்கு 750 முறை சுழலும். இரண்டாம் வகையில் 1500 முறை சுழல வேண்டும். ஒன்றிற்கென அமைத்ததை மற்றொன்றில் ஓட்டுவது அறிவுடைமை ஆகாது. இரண்டையும் இணைக்க வேண்டுமாயின், இடையில் அதிர்வெண்ணை மாற்றித் தரும் இயந்திரம் ஒன்றை நிறுவவேண்டும்.

கம்பியைப் பார்த்து இவ்வேற்றுமையை அறிய எவராலும் இயலாது. ஆதலாலேயே மோட்டாரின் மேலுள்ள உலோகத் தகட்டில் வோல்ட்டு அளவுடன் அதிர்வெண்ணையும் பொறிக்கும் வழக்கம் ஏற்பட்டது. தகட்டைப் படிக்காமல் எந்த மின்பணியாளரும் மோட்டாருக்கு இணைப்புத் தருவதில்லை. ஆனால் இன்று வீடுகளுக்குள் புகுந்துவரும் கம்பியில்லாக் கருவிகளைப் பொறுத்தவரை, இந்த நல்வழக்கம் ஏறக்குறைய மறக்கப்பட்டுவிட்டது. விளக்கை ஏற்றி அணைப்பதும், கதவு திறந்ததை அறிவிப்பதும், மாடித் தொட்டியின் நீர்மட்டத்தைக் கண்டு பம்பை நிறுத்துவதும் இக்கருவிகளின் பணி. அவை ஒன்றோடொன்று பேசும் அதிர்வெண் என்ன என்பதைப் பெட்டியின் முகப்பில் காண்பது அரிது.

இக்குறையால் வரும் இடர் தங்கவயல் வட்டாரத்தில் மற்ற இடங்களைவிடச் சற்று மிகுதியாகவே தோன்றக்கூடும். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதற்கு முன்னரும் பின்னரும் இங்குள்ள குடும்பங்கள் பலவாறாகக் கிளைத்துச் சென்றுள்ளன. நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூர் சென்று உழைப்போர் ஒருபுறம். ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளில் குடியேறியோர் மறுபுறம். விடுமுறைக்கு வரும் மகனோ மகளோ முதிய பெற்றோரின் வசதிக்கென இத்தகைய கருவிகளைக் கொண்டுவருதல் இயல்பே. வோல்ட்டு வேறுபாட்டை எல்லோரும் அறிவர். 120 வோல்ட்டுக் கருவிக்கு 230 வோல்ட்டைக் குறைத்துத் தரும் பெட்டி கடையில் கிடைக்கும். வானொலி அலையின் வேறுபாட்டிற்கு அவ்வாறு கடையில் வாங்கிப் பொருத்தும் பெட்டி எதுவும் இல்லை.

எடுத்துக்காட்டாக, ‘இசட்-வேவ்’ என்னும் முறையை நோக்கலாம். பெயர் ஒன்று, முத்திரை ஒன்று, கருவியின் தோற்றமும் ஒன்றே. எனினும் அமெரிக்காவில் விற்கப்படுவது 908.42 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. ஐரோப்பாவிலும் இங்கிலாந்திலும் 868.42, ஆஸ்திரேலியாவில் 921.42, இந்தியாவுக்கென அமைந்தது 865.22. பேத்தமங்களாவில் ஒரு வீட்டிற்கு மூன்று கண்டங்களிலிருந்து மூன்று பிள்ளைகள் ஒவ்வொரு கருவி கொண்டுவந்தால், அவற்றுள் எதுவும் மற்றொன்றின் குரலைக் கேளாது. பெங்களூர்க் கடையில் வாங்கிய நான்காவதும் அந்த மூன்றையும் அறியாது. எந்தக் கருவியும் பழுதானதன்று. ஆயினும் வாங்கியவர் பழுதென்றே கருதுவார். திருப்பிக் கொடுக்கவும் வழியிராது.

இத்தகைய வேற்றுமை ஏன் ஏற்பட்டது? பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வானொலி அலைகளைப் பங்கிடும் பொருட்டு உலகை மூன்று மண்டலங்களாகப் பிரித்துள்ளது. 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டை, தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கென அமெரிக்கக் கண்டங்கள் அடங்கிய இரண்டாம் மண்டலத்தில் ஒதுக்கப்பட்டது. ஐரோப்பாவோ அதன் ஒரு பகுதியைக் கைபேசிக்கு அளித்தது. 890 முதல் 915 வரை கைபேசி கோபுரத்தை நோக்கிப் பேசுவதற்கு. 935 முதல் 960 வரை கோபுரம் மறுமொழி கூறுவதற்கு. இந்தியா மூன்றாம் மண்டலத்தைச் சேர்ந்ததாயினும், 1995ஆம் ஆண்டு கைபேசிச் சேவை தொடங்கியபோது ஐரோப்பிய முறையையே மேற்கொண்டது. 869க்கு மேற்பட்ட பகுதியும் பிறிதொரு வகைக் கைபேசிக்கு ஒதுக்கப்பட்டது. எஞ்சிய சிறு இடைவெளியில் 865 முதல் 867 வரையுள்ள பட்டையை 2005ஆம் ஆண்டில் அரசு, குறிப்பிட்ட ஆற்றல் வரம்பிற்கு உட்பட்டு, லைசென்ஸ் இன்றிப் பயன்படுத்த இசைந்தது. 2021ஆம் ஆண்டில் அது 868 வரை நீட்டப்பட்டது. ஐரோப்பியக் கருவியின் 868.42 அந்த எல்லையை அரை மெகாஹெர்ட்ஸுக்கும் குறைவான தொலைவில் தவறவிடுகிறது என்பது வேடிக்கையே. ஆயினும் எல்லை எல்லைதான்.

அமெரிக்கக் கருவியின் நிலை இன்னும் சிக்கலானது. அதன் 908.42, இந்தியக் கைபேசிகள் கோபுரத்தை அழைக்கும் வழியின் நடுவிலேயே விழுகிறது. ஒரு விளக்கின் பொத்தான் வெளியிடும் ஆற்றல் மிகச் சிறிது. அதனால் ஊர் முழுவதும் பேச்சு நின்றுவிடும் என்று அஞ்சுவது மிகையாகும். ஆனால் தொலைவிலுள்ள கைபேசியின் மெல்லிய குரலைக் கேட்பதற்கென்றே கோபுரத்தின் ஏற்பி அமைந்துள்ளது. அதன் அருகே அயற்குரல்கள் பல சேருமாயின் ஏற்பி தடுமாறும். அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்படும் சிலவகைக் கம்பியில்லா வீட்டுத் தொலைபேசிகள் 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸில் பேசுகின்றன. 1920 முதல் 1980 வரை இந்தியக் கைபேசிகள் கோபுரத்தை நோக்கிப் பேசும் பட்டையாகும். தொடர்ந்து நிமிடக்கணக்கில் இயங்கும் அத்தகைய தொலைபேசியின் தொல்லை, விளக்குப் பொத்தானின் தொல்லையை விடப் பன்மடங்கு பெரிது.

“2400 மெகாஹெர்ட்ஸ் உலகெங்கும் பொதுவாயிற்றே, எல்லாக் கருவிகளையும் அங்கேயே அமைத்தால் என்ன?” என்று வினவுவோர் உளர். வை-ஃபை, புளூடூத், சிக்பீ ஆகியவை அப்பட்டையில் இயங்குவது உண்மையே. நகரத்துச் சிறு வீட்டிற்கு அது போதும். ஆனால் அலையின் நீளத்தைக் கருதவேண்டும். 2400 மெகாஹெர்ட்ஸ் அலை சுமார் 12.5 சென்டிமீட்டர், 865 மெகாஹெர்ட்ஸ் அலை ஏறத்தாழ 35 சென்டிமீட்டர். நீண்ட அலை சுவரை ஊடுருவுவதிலும் தொலைவைக் கடப்பதிலும் மேம்பட்டது. தடித்த சுவருள்ள பழைய வீட்டிலும், வீட்டிற்கும் தோட்டத்துப் பம்புக்கும் இடையே நெடுந்தொலைவு உள்ள இடத்திலும் 865 தரும் பயனை 2400 தராது. நீருக்கே பேர்பெற்ற ஊரில், தொட்டியின் மட்டத்தைத் தொலைவிலிருந்து அறியும் கருவிக்கு இப்பட்டையை விடுத்து வேறொன்றை நாடுவது வருந்தத்தக்கது.

புதிய சில்லுகள் சிலவற்றில் நாட்டிற்கேற்ப அதிர்வெண்ணை மாற்றும் வசதி உண்டு. அதனைப் பெரிதாக நம்பிவிடலாகாது. கருவியின் அலைவாங்கியும் வடிகட்டியும் ஒரு பட்டைக்கென அளவெடுத்து அமைந்திருப்பின், எண்ணை மட்டும் மாற்றுவதால் செவி மந்தமாகவே இருக்கும். இரு அதிர்வெண்களுக்கும் தனித்தனி ஏற்பிகளை ஒரு கணிப்பொறியில் பொருத்தி இணைப்போரும் உளர். தங்கவயலின் அதிர்வெண் மாற்றும் இயந்திரத்தை இது நினைவூட்டும். நுட்பத்தில் குறையில்லை. எனினும் இந்தியாவில் இசைவு பெறாத அலையை அது தொடர்ந்து வெளியிடுவதால், சட்டத்தின் முன் நிற்காது.

ஆகவே செய்யத்தக்கது எளியது ஒன்று உண்டு. 1952ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட மைய அரசின் வயர்லெஸ் திட்டமிடல் ஒருங்கிணைப்புப் பிரிவு, வணிகத்திற்கென வரும் கருவிகளுக்கு வகை ஒப்புதல் அளிக்கிறது. அவ்வொப்புதலைப் பெறும் ஒவ்வொரு வீட்டுக் கருவியின் மேலும், பெட்டியின் முகப்பிலும், இயங்கும் அதிர்வெண்ணை மெகாஹெர்ட்ஸில், கண்ணுக்குத் தெரியும் அளவில் அச்சிடுமாறு கட்டளையிடலாம். உட்புறத் தாளில் நுண்ணிய எழுத்தில் இருப்பது போதாது. பயணியின் பெட்டியில் வரும் ஒற்றைக் கருவியை இக்கட்டளை எட்டாது என்பது மெய்யே. ஆனால் உள்ளூர்க் கடையில் எண்ணைப் பார்த்துப் பழகியவர், அயல்நாட்டிலுள்ள பிள்ளைக்கு வாங்குமுன்னே அந்த எண்ணைத் தெரிவிப்பார். அச்சிடும் செலவு கருவியின் விலையில் கணக்கில் வராத சிறுதொகை. கன்னடம், தெலுங்கு, தமிழ் ஆகிய மூன்றும் வழங்கும் பேத்தமங்களாச் சந்தையில் “865 மெகாஹெர்ட்ஸ், இந்தியாவுக்கு உரியது” என்னும் ஒரே வரி மூன்று மொழிகளிலும் இருப்பின், கடைக்காரர் வேறு விளக்கம் கூறவேண்டிய தேவை இராது.