அந்த இரண்டு மணி நேரம்

ஜூன் பிறந்தால் சித்தூர் மாவட்டத்துப் பங்காருபாளையம் மாங்காய் மண்டிக்குத் தோத்தாபுரி ஏற்றிய வண்டிகள் வரிசை கட்டும். அந்த நேரத்தில் கூலிக்குப் போகும் பெண் கர்ப்பமாக இருந்து, அரை நாள் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தால் அன்றைய கூலி போச்சு. கர்ப்பகால சர்க்கரையைப் பற்றிய பேச்சை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

சோதனை எளிதுதான். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். அளவு 140 மில்லிகிராமைத் தொட்டால் கர்ப்பகால சர்க்கரை. வெறும் வயிற்றோடு வரத் தேவையில்லை. பட்டினியோடு பஸ் ஏறி வா என்றால் எத்தனை பேர் வருவார்கள்? இந்த நிலவரம் தெரிந்து இம்முறைக்காக வாதாடியவர் சென்னை டாக்டர் வி. சேஷையா. அவர் பிறந்த மார்ச் 10-ஐத்தான் இந்தியாவில் கர்ப்பகால சர்க்கரை விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கிறோம். மத்திய அரசின் வழிகாட்டுதலும் இதுவே: முதல் செக்கப்பில் ஒரு முறை, 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி ஒரு முறை. முதலில் நார்மல் என்று வந்துவிட்டால் இரண்டாவது எதற்கு என்று தோன்றும். ஆனால் நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் இன்சுலினை எதிர்த்து நிற்பது அந்த வாரங்களில்தான் வலுக்கிறது.

சர்க்கரையில் இப்படி அலட்சியம் என்றால், ரத்தக் கொழுப்பு விஷயத்தில் நேர்மாறாக, பயம்தான் அதிகம். பிரசவம் நெருங்கும்போது ட்ரைகிளிசரைடு இரண்டு, மூன்று மடங்கு ஏறுவது இயல்பு, கொலஸ்ட்ராலும் ஏறும். வயிற்றுப் பிள்ளை வளர உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு அது. ரிப்போர்ட்டைப் பார்த்து, மாமியார் மருமகள் தட்டில் எண்ணெயையும் முட்டையையும் நிறுத்துவது நியாயமில்லை. மிதமிஞ்சி ஏறினால் கணையம் வீங்கக்கூடும் என்பது உண்மை. அதைத் தீர்மானிக்க வேண்டியவர் டாக்டர்.

சர்க்கரை இருந்தால் சாப்பாட்டு அளவு மாற வேண்டும். கேழ்வரகுக் களி நல்லதுதானே என்று இரண்டு உருண்டை வைத்தால் அதுவும் மாவுச்சத்துதான். ஒன்றைக் குறைத்து, பருப்பும் கீரையும் கூட்டலாம். அவளுக்கு மட்டும் தனிச் சமையல் என்றால் நான்கு நாள் தாங்காது. வீடே அப்படிச் சாப்பிடட்டும், புருஷனுக்கும் கெடுதலில்லை.

மண்டிக்காரர்களும் மாங்கூழ் ஆலைக்காரர்களும் சோதனை நாளில் கூலியைப் பிடிக்காமல் அனுப்பட்டும். பெரிய செலவில்லை, மனசுதான் வேண்டும். ஆந்திர எல்லை தாண்டி குடியாத்தம், வேலூர்ப் பக்கம் தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போகிறவர்கள் ரிப்போர்ட்டுகளையும் எடுத்துப் போகட்டும். சித்தூரில் எழுதியது அங்குள்ள நர்ஸுக்குத் தெரியாவிட்டால் எல்லாம் முதலிலிருந்துதான்.

பிள்ளை பெற்றதும் சர்க்கரை இறங்கிவிடும்; அதோடு மறந்தும்விடுகிறோம். இவர்களுக்குப் பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம். ஆறாவது வாரம் மறுசோதனை கட்டாயம் வேண்டும்; இதற்கு மட்டும் வெறும் வயிற்றோடு வர வேண்டும். அதே வாரம்தான் குழந்தைக்கும் தடுப்பூசி. ஆஷா ஊழியர் முந்தின நாளே சொல்லி, தாயை அன்று காலை சாப்பிடாமல் வரவைத்தால் ஒரே நடையில் இரண்டும் முடியும். பங்காருபாளையம் ஆஸ்பத்திரியும் பஞ்சாயத்தும் இதை இந்த மாதமே தொடங்கலாம்.