விளையாட்டும் வினையும்

விளையாட்டு வினையாகும் என்பது நம்மவர் வழங்கும் பழமொழி. வேடிக்கையாய்த் தொடங்கியது தீங்காய் முடியும் என்னும் எச்சரிக்கையாகவே பெரியோர் அதனைக் கூறுவர். ஆயின், வினை என்னுஞ் சொல்லுக்குத் தொழில் என்னும் பொருளும் உண்டு. அப்பொருளிற் கொள்ளின், இக்காலத்தில் அப்பழமொழி நேராகவே பலித்துவிட்டது. கணினியிலும் கைத்தொலைபேசியிலும் ஆடப்படும் வீடியோ விளையாட்டுக்களை ஆக்குதல் உலகெங்கும் பெருந்தொழிலாகிவிட்டது. அத்தொழிலில் நிரல் எழுதுவோராக அமர விரும்பும் பட்டதாரிகள் நம் கல்லூரியிற் பயின்று சென்றோரிடையேயும் உளர். அவர்க்கு நாம் கூறத்தக்கது யாது?

"பட்டம் பெற்ற பின்னுமா விளையாட்டு?" என்று சுற்றத்தார் வினவுவர். அத்தொழிலின் தன்மையை அறியாமையால் எழுவது இவ்வினா. திரையில் ஓர் உருவம் ஓடிக் குதிப்பதை நாம் காண்கின்றோம். அதற்காகப் பல விளையாட்டுக்களில் ஒரு செக்கனுக்கு 60 படங்கள் அடுத்தடுத்து வரையப்படுகின்றன. ஆடுவோன் அழுத்திய விசையை அறிதல், உருவங்களை நகர்த்தல், அவை ஒன்றோடொன்று மோதினவா என ஆராய்தல், ஒளியையும் நிழலையும் கணித்து வரைதல் ஆகிய யாவும் ஒரு செக்கனின் அறுபதிலொரு பங்கினுள் நிறைவேறல் வேண்டும். "இவற்றால் என்ன பயன்?" என்று மாணவர் வகுப்பிற் சலித்துக்கொள்ளும் காவியும் தாயமும் திரிகோண கணிதமும் இங்கே ஓயாது தொழிற்படுகின்றன. இதனைச் சிறுபிள்ளை வேலையென இகழ்தல் தகாது.

எனினும், இளைஞர்க்கு உண்மையின் மறுபக்கத்தை மறைத்தலும் தகாது. இத்தொழில் நிலையானதன்று. 2024 சனவரியில் மைக்ரோசொப்ற் நிறுவனம் தன் விளையாட்டுப் பிரிவில் ஏறக்குறைய 1,900 பேரை வேலைநீக்குவதாக அறிவித்தது. அடுத்த மாதமே சோனி நிறுவனம் ஏறக்குறைய 900 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. பல்லாண்டு அனுபவமுடையோரும் வேலை தேடும் சந்தையிலேதான் நேற்றுப் பட்டம் பெற்றவரும் நிற்கவேண்டியிருக்கின்றது.

இவ்விடத்தில் ஒருவர் வரலாற்றை நினைவுகூர்தல் நன்று. அமெரிக்காவிலே, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டகோமா வளாகத்தில் 2011 இற் கணினி விஞ்ஞானப் பட்டம் பெற்றவர் எரிக் பரோன் என்பார். பட்டம் பெற்றும் அவர்க்கு வேலை கிட்டவில்லை. நிரல் எழுதுவதிற் கைதேர்ந்தால் வேலை பெறுதல் எளிதாகும் என்னுங் கருத்துடன், கமத்தொழிலைப் பொருளாகக் கொண்ட விளையாட்டொன்றை ஆக்கத் தொடங்கினார். சித்திரம், இசை, உரையாடல், நிரல் அனைத்தும் அவரொருவரின் கைவண்ணமே. நான்கரை ஆண்டுகளளவு சென்றன. அக்காலத்தில் அரங்கொன்றில் வருவோர்க்கு இருக்கை காட்டும் பகுதிநேர வேலை பார்த்தார். உடன் வாழ்ந்த துணைவியின் உழைப்பே இல்லத்தைப் பெரிதுந் தாங்கியது. 2016 இல் வெளிவந்த அவ்விளையாட்டின் பெயர் 'ஸ்டார்டியூ வேலி'. 2024 ஆம் ஆண்டளவில் அது மூன்று கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையாகியிருந்தது.

இதனைக் கேட்கும் இளைஞர், தனித்திருந்து உழைத்தாற் கோடீசுவரராகலாம் என்று கருதுவர். அது பிழையான பாடம். அவ்வாறே உழைத்தும் ஒன்றும் எய்தாதோர் பெயர் நம் செவிக்கு எட்டுவதில்லை. கொள்ளத்தக்க பாடம் வேறு. வேலையற்றிருந்த காலத்தை அவர் விண்ணப்பம் எழுதுவதில் மாத்திரங் கழிக்கவில்லை. பிறர்க்குக் காட்டத்தக்க ஒன்றை ஆக்கத் தொடங்கி, அதனை முடித்தார். முடிப்பதற்கு மற்றொருவர் தோள் கொடுத்தார்.

நாம் தமிழாசிரியர். நிரல் எழுத அறியோம். ஆயினும், அழகாகத் தொடங்கி நடுவில் நின்றுவிட்ட கட்டுரைக்குப் புள்ளியிடும் இடர்ப்பாட்டை நன்கறிவோம். இத்துறையில் வேலை கொடுப்போரும் சான்றிதழைக் கண்டபின், "நீர் செய்ததைக் காட்டும்" என்றே கேட்பர். குறையாய் நின்ற பெரிய விளையாட்டினும் முற்றுப்பெற்ற சிறிய விளையாட்டே அங்கு பேசும். அதற்குப் பெரும் பொருட்செலவும் வேண்டா. கோடோ போன்ற ஆக்கக் கருவிகள் எவர்க்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. அதுவரை வங்கிக்கோ வைத்தியசாலைக்கோ மென்பொருள் எழுதும் வேலை கிடைப்பின், அதனைத் தாழ்வென்று தள்ளுதல் அறிவுடைமையன்று. பகலில் அங்கு பயின்ற ஒழுங்கு இரவில் விளையாட்டை எழுதுங்கால் உதவும். வீட்டாரின் சுமையும் குறையும்.

பெற்றோர்க்கு ஒன்று கூறுவோம். மகனோ மகளோ இரவிற் கணினிமுன் அமர்ந்திருப்பின், ஆடுகின்றாரா ஆக்குகின்றாரா என்று முதலிற் கேட்டறியுங்கள். ஆக்குகின்றாராயின், எப்பொழுது முடியும் என்று அன்போடு வினவுங்கள். அவ்வினா ஏச்சினும் பயன் தரும்.

பழைய மாணவரிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மென்பொருட்டுறையிற் கடமையாற்றும் அன்பர்களே, கட்டடத்துக்கும் மைதானத்துக்கும் நீங்கள் வழங்கும் பொருளை நன்றியோடு ஏற்கின்றோம். இவ்விழா ஆண்டில் வேறொன்றும் வேண்டுகின்றோம். இளம் பட்டதாரி ஒருவரின் ஆக்கத்தை ஒருமுறை ஆடிப் பாருங்கள். குறையை மறையாது எழுதுங்கள். திருத்திய பின் மீண்டும் பாருங்கள். தகுதி கண்டால், உங்கள் நிறுவனத்தில் அவர் பெயரைச் சொல்லுங்கள். இதற்குச் செலவாவது ஓரிரு மாலைப்பொழுதே. வேலை தேடித் தனித்து நிற்கும் ஓர் இளைஞர்க்கு அது பெருந்துணையாகும்.