லோடு வண்டிக்குப் பாட்டு வேணும், அதிர்ச்சி வேண்டாம்

வாழைத்தார் விலை, வாய்க்கால் தண்ணி, உரக்கடைக் கடன்னு எழுதுற இடத்துல இன்னைக்குப் பாட்டுப் பெட்டி பத்தி எழுதப் போறேன். காரணம் இருக்கு. எங்க ஆத்தூர், முக்காணி பக்கம் இப்போ புதுசா லோடு வண்டி எடுக்கிற பையன்கள், எலுமிச்சம்பழம் நசுக்கிப் பூசை போட்ட மறுநாளே தூத்துக்குடிக்குப் போய் செட் மாத்திட்டு வர்றாங்க. குட்டி யானையோ, தோஸ்த்தோ, பொலிரோ பிக்கப்போ, எதுவா இருந்தாலும் இதே கதைதான். மாசத் தவணை கட்டுறதுக்கு முன்னால சப் ஊஃபருக்குக் காசு கட்டியாகுது. போன வாரம் என் தம்பி மகன் வந்து, "பெரியப்பா, நாப்பதாயிரம் இருந்தா வண்டியை அதிர வச்சிரலாம்"னான். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லுறேன்.

முதல்ல எங்க வயசு ஆளுங்களுக்கு ஒரு வார்த்தை. "லோடு வண்டிக்கு எதுக்குவே பாட்டு?"ன்னு கேக்கிறதை விடுங்க. ராத்திரி ஒரு மணிக்குத் தார் ஏத்திக்கிட்டு மதுரைக்குக் கிளம்புறவனை நெனச்சுப் பாருங்க. கேபின்ல பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. மார்க்கெட்டுல இறக்குறதுக்கு முறை வரணும்னா இன்னும் ரெண்டு மணி நேரம் வண்டியிலேயே உக்காந்திருக்கணும். ஹார்பர் ரோட்டுல வரிசையில நிக்கிற கண்டெய்னர் லாரி டிரைவர்களும் இதே மாதிரிதான். அந்த மனுசனுக்குப் பாட்டு ஆடம்பரமா? ஏசி கார்ல போறவருக்கு மட்டும்தான் காது இருக்கா? நல்ல செட் வச்சுக்கோங்க, நான் தடுக்கல. ஆனா ஒண்ணு, தூக்கம் வந்தா பாட்டு காப்பாத்தாது. ஓரங்கட்டித் தூங்கத்தான் வேணும்.

என் சண்டை எல்லாம் "சத்தம் கூடினா நல்ல செட்"டுங்கிற நெனப்போடதான்.

கடையில அட்டைப் பெட்டி மேல பெருசா ஒரு வாட்ஸ் கணக்கு போட்டிருக்கும். பிஎம்பிஓன்னு ஆயிரக்கணக்குல எழுதியிருந்தா அதைக் கண்டுக்காதீங்க. ஆர்எம்எஸ்னு சின்ன எழுத்துல இருக்கிறதுதான் தொடர்ந்து பாடுறதுக்கான கணக்கு. "50 வாட்ஸ், நாலு ஸ்பீக்கர்"னு எழுதியிருக்கிற சாதாரண செட்டுல இருந்து, ஒரு ஸ்பீக்கருக்கு நெசமா போறது 20 வாட்ஸ் பக்கம்தான். 12 வோல்ட் பேட்டரியில, தனியா ஆம்பு வைக்காம, அதுக்கு மேல எடுக்க வழியில்ல.

சரி, ஆம்பு வச்சு 200 வாட்ஸ் ஆக்கிட்டா பத்து மடங்கு சத்தம் வருமா? வராது. நம்ம காது அப்படிக் கணக்குப் போடாது. வாட்ஸை ரெண்டு மடங்காக்கினா 3 டெசிபல்தான் கூடும், கவனிச்சுக் கேட்டாத்தான் வித்தியாசம் தெரியும். "சத்தம் ரெண்டு மடங்காயிட்டு"ன்னு காதுக்குத் தோணணும்னா பத்து மடங்கு வாட்ஸ் வேணும். பத்து மடங்கு செலவுக்கு ரெண்டு மடங்கு பலன், வெவசாயத்துல இப்படி ஒரு உரம் வந்தா வாங்குவோமா? அந்த 200 வாட்ஸுக்கு பேட்டரியில இருந்து 17 ஆம்பியர் பக்கம் இழுக்கும், ஆம்பு சூடாகி வீணாகுறது தனி. வண்டி நிக்கும்போது ரொம்ப நேரம் பாட்டு ஓடினா, காலையில தள்ளி ஸ்டார்ட் பண்ண நாலு பேரைத் தேடணும்.

இதை விட மலிவான வழி ஸ்பீக்கர் அட்டையிலேயே எழுதியிருக்கு. சென்சிட்டிவிட்டின்னு ஒரு எண் இருக்கும். 86 டெசிபல்னு போட்ட ஸ்பீக்கருக்குப் பதிலா 92னு போட்டதை எடுத்தா, அதே செட்டு, அதே வயரு, நாலு மடங்கு வாட்ஸ் குடுத்த மாதிரி பாடும். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார், ஆம்பு விக்காதுல்லா.

அடுத்தது நம்ம வண்டியோட குணம். டீசல் இஞ்சின் சீட்டுக்குக் கீழேயோ காலுக்குப் பக்கத்துலயோ கிடந்து உறுமுது. அந்த உறுமல் எல்லாம் அடித்தொண்டைச் சத்தம். சப் ஊஃபர் குடுக்கிறதும் அதே அடித்தொண்டைச் சத்தம்தான். ரெண்டும் சேர்ந்தா, பாடுறவர் குரல் அதுக்குள்ள முங்கிப் போகும். கனத்த சத்தம் மெல்லிய சத்தத்தை மூடும், அது காதோட இயற்கை. அப்புறம் குரல் கேக்கலன்னு இன்னும் வால்யூம் ஏத்துவான். அதுக்கு முடிவே கிடையாது.

அந்தக் காலத்துல நாங்க பாட்டுக் கேட்ட விதத்தை நெனச்சுப் பாருங்க. 1963-ல தொடங்கின திருநெல்வேலி வானொலி காலையில பாடும். மத்த நேரம் கடல் தாண்டி இலங்கை வானொலி வரும். மன்னார் வளைகுடாவுக்கு இந்தப் பக்கம் இருக்கிற நமக்கு அது அடுத்த தெரு ரேடியோ மாதிரி. கே.எஸ்.ராஜாவும் பி.எச்.அப்துல் ஹமீதும் பேசினா டீக்கடையில கிளாஸ் கழுவுற பையன் கூட நின்னு கேப்பான். அந்த ரேடியோவுக்குள்ள கையகலத்துல ஒரே ஒரு ஸ்பீக்கர்தான். பேஸ் கிடையாது, அதிர்ச்சி கிடையாது, ஆனா ஒரு சொல் தப்பாது. மனுசன் பேச்சு புரியறதுக்கு 300-ல இருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரைக்கும் போதும்னுதான் பழைய டெலிபோனையே அமைச்சிருந்தாங்க. பாட்டுக்கு இன்னும் கொஞ்சம் அகலம் வேணும், ஒத்துக்கிறேன். ஆனா உயிர் அந்த நடுச் சத்தத்துலதான் இருக்கு. கோயில் கொடையில வில்லுப்பாட்டு ரெண்டு ஊர் தாண்டிக் கேட்டதும் அதனாலதான், புனல் குழாய் நடுச் சத்தத்தை நல்லாத் தள்ளும்.

இதெல்லாம் காசுக் கணக்கு. இதை எழுத வச்சது வேற விசயம்.

மூணு வருசத்துக்கு முன்னால எங்க வயக்காட்டுப் பக்கம் தார் ஏத்துற நேரம். வரப்போரப் பாதையில ஒரு பிக்கப் ரிவர்ஸ் வருது. பின்னால லோடுமேன் ஒருத்தர், தோள்ல தாரோட, தென்னை மரத்துப் பக்கத்துல நிக்கார். அவர் "நில்லு, நில்லு"ன்னு கத்தினது நாலு வயல் தள்ளி மம்பட்டியோட நின்ன எனக்குக் கேட்டுச்சு. கேபினுக்குள்ள இருந்த பையனுக்குக் கேக்கல. சீட்டுக்குப் பின்னால அவ்வளவு பெரிய பாக்ஸ். மரத்துக்கும் வண்டிக்கும் நடுவுல கால் மாட்டி, முழங்காலுக்குக் கீழ ரெண்டு எடத்துல எலும்பு முறிஞ்சு போச்சு. ஓட்டினவன் கெட்ட பையன் இல்ல, ஆஸ்பத்திரிச் செலவுக்குத் தன் செயினை வித்துக் குடுத்தான். ஆனா அந்த மனுசன் இப்போ தார் சுமக்க முடியாது. அவர் வீட்டம்மா முள்ளக்காடு உப்பளத்துக்குப் போய் வெயில்ல நிக்காங்க. ஒரு பாட்டுக்கு ஒரு குடும்பம் குடுத்த வெலை இது.

நம்ம கரையில முத்துக் குளிச்ச காலத்துக் கதை உங்களுக்குத் தெரியும். 1961-க்கு அப்புறம் பெரிய முத்துக் குளிப்பு நின்னு போச்சு. அப்போ கடலுக்கு அடியில போறவருக்கு மேல தோணியில இருந்து ஒருத்தர் கயிறு பிடிச்சிருப்பார். கீழ இருந்து சுண்டினா உடனே இழுக்கணும். அதனால மச்சினனை நம்பித்தான் கயிறைக் குடுப்பாங்கன்னு பெரியவங்க சொல்லுவாங்க, தங்கச்சி தாலி மேல அக்கறை உள்ளவன்லா. லோடு வண்டியில பின்னால நிக்கிறவருக்கு டிரைவர் காதுதான் அந்தக் கயிறு. பாட்டுப் போடுறேன்னு அந்தக் கயிறைக் கையில இருந்து விடலாமா?

அதனால நாப்பதாயிரம் வேண்டாம். அதுல கால்வாசி, போனா மூணுல ஒரு பங்கு போதும். செலவு பண்ற வரிசை இதுதான்.

முதல்ல இரைச்சலைக் குறைங்க. கதவு ரப்பர் பீடிங் மாத்துங்க, ஆடுற போல்ட்டு எல்லாம் முறுக்குங்க, சைலன்சர்ல ஓட்டை இருந்தா அடைங்க, கால் மிதிக்கிற எடத்துல கனமான மேட் போடுங்க. கேபின் இரைச்சல் 3 டெசிபல் கொறைஞ்சா, வாட்ஸை ரெண்டு மடங்காக்கினதுக்குச் சமம்.

ரெண்டாவது, முன் கதவு. ஸ்பீக்கருக்கு முன்பக்கம் வர்ற சத்தமும் பின்பக்கம் வர்ற சத்தமும் கலந்தா ஒண்ணை ஒண்ணு தின்னுரும். வெறும் தகரக் கதவுல ஓட்டை போட்டு மாட்டினா அதான் நடக்கும். கதவுக்குள்ள டேம்பிங் ஷீட் ஒட்டி, பெரிய ஓட்டைகளை மூடி, ஸ்பீக்கரைக் கெட்டியான வளையத்துல வச்சு முறுக்கச் சொல்லுங்க. மழைத்தண்ணி வடியுற கீழ் ஓட்டையை மட்டும் அடைக்க விடாதீங்க, கதவு துருப்பிடிச்சுரும்.

மூணாவது, ஆறு இஞ்சு ஸ்பீக்கர் ஒரு ஜோடி, முன்னால மட்டும். தாள் கூம்பு வேண்டாம், பிளாஸ்டிக் கூம்பா பார்த்து எடுங்க, நம்ம ஈரக் காத்துக்கு அதுதான் நிக்கும். நாலாவதுதான் செட். அதுல ரிவர்ஸ் கேமரா மாட்டுற வசதி இருக்கணும். சில செட்டுல ரிவர்ஸ் கியர் போட்டா சத்தம் தானா கொறையும், அதைக் கேட்டு வாங்குங்க. சப் ஊஃபருக்குப் போற காசு கேமராவுக்குப் போகட்டும். ஆனா கேமரா இருக்கேன்னு காதை மூடிக்காதீங்க, சேறு அப்பினா அது குருடு.

வயர் விசயத்துல சிக்கனம் கூடாது. தூத்துக்குடியில இருந்து பழையகாயல், ஆறுமுகநேரி வழியா திருச்செந்தூர் வரைக்கும் ஓடுற வண்டிக்கு ரெண்டு பக்கமும் உப்புக் காத்துதான். செம்பு வயர் முனையில பச்சைக் களிம்பு ஏறி, கொஞ்ச நாள்ல செட் விட்டு விட்டுப் பாடும். ஈயம் பூசின செம்பு வயர் கிடைச்சா அதைப் போடுங்க. முனையை முறுக்கி டேப் சுத்துறது வெயிலுக்கு நிக்காது, டெர்மினல் வச்சு அழுத்தச் சொல்லுங்க. எர்த் வயரைப் பெயிண்ட் சொரண்டின தகரத்துல முறுக்கி, மேல கிரீஸ் தடவணும். ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது ஸ்பீக்கர்ல 'ஙொய்'னு ஒரு சத்தம் வந்தா முதல்ல பாக்க வேண்டியது இந்த எர்த்தைத்தான். செட்டோட மஞ்சள் வயர் பேட்டரிக்கு, செவப்பு சாவிக்கு, கறுப்பு எர்த்துக்கு. மஞ்சளையும் செவப்பையும் ஒண்ணா முடிச்சுப் போட்டா வண்டி நிக்கும்போதும் பேட்டரி தேயும். பேட்டரியில இருந்து தனி வயர் இழுத்தா, பேட்டரிக்கு ஒரு முழத்துக்குள்ள பியூஸ் இருந்தே ஆகணும். தகர ஓட்டையில வயர் உரசி ஷார்ட் ஆனா, பியூஸ் இல்லாத வண்டி தீப்பிடிக்கும். தார் போனா அடுத்த வெட்டுக்கு வரும், வண்டி வராது.

சட்டமும் இருக்கு. வித விதமா மாறி மாறி ஊதுற ஹாரன் கூடாதுன்னு 1989 மோட்டார் வாகன விதியிலேயே சொல்லியிருக்கு. 2000-ல வந்த ஒலி மாசு விதிப்படி குடியிருப்புப் பகுதியில பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டு சுத்தி 100 மீட்டர் அமைதி மண்டலம். தெருவுல பச்சைப்பிள்ளை தூங்குற வீட்டு ஜன்னல் அதிர வண்டி போறதுக்கு எந்த விதியும் அனுமதி தரல.

பையன்கள் காதும் நமக்கு வேணும். 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம் கேக்கலாம், 90 ஆனா 4 மணி நேரம்தான் தாங்கும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. மதுரைக்கு ஒரு நடை போய் வந்தாலே அந்த நாலு மணி நேரம் தீர்ந்துரும். போன காது திரும்ப வராது, அதுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கிடையாது.

செட் மாட்டினதும் கடை வாசல்லயே ஒரு சோதனை பண்ணுங்க. இஞ்சினை ஓட விட்டு, நீங்க வழக்கமா வைக்கிற சத்தத்துல பாட்டுப் போட்டு, கண்ணாடியைப் பாதி எறக்குங்க. கூட வந்தவரை வண்டிக்குப் பின்னால நிக்க வச்சு, கத்தாம, சாதாரணமா உங்க பேரைக் கூப்பிடச் சொல்லுங்க. கேட்டுச்சுன்னா காசு குடுங்க. கேக்கலன்னா, எத்தனையில வச்சாக் கேக்குதோ அந்த எண்ணை ஸ்டிக்கர்ல எழுதி செட்டுக்குப் பக்கத்துல ஒட்டுங்க. தார் ஏத்துற எடத்துலயும் எறக்குற எடத்துலயும் அந்த எண்ணும் கூடாது, பாட்டை அமத்திரணும். லோடு ஏறி, பின்கதவு கொக்கி மாட்டி, லோடுமேன் "போலாம் தம்பி"ன்னு தட்டின பிறகு தாராளமா பாட்டுப் போடுங்க.