பழியெல்லாம் பம்ப் மேல

பத்து நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. முருங்கைப் பறிப்பு ஒரு பக்கம், வண்டி வைத்தியம் ஒரு பக்கம். இன்றைக்கு எழுதுவது வண்டியைப் பற்றித்தான். கார் வைத்திருக்கிற டவுன்காரர்களுக்கும் இதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது.

நம்மகிட்ட இருப்பது பழைய டீசல் பிக்கப். என்ஜின் முன்னாடி ரெண்டு வி பெல்ட். ஒன்று ஃபேன், தண்ணீர் பம்ப், ஆல்டர்னேட்டருக்கு. இன்னொன்று பவர் ஸ்டியரிங் பம்புக்கு மட்டும். அந்த ரெண்டாவது பெல்ட் அடிக்கடி பிசிறு பிசிறாகப் போய்க்கொண்டே இருந்தது. டவுனில் ஒரு பட்டறையில், "புது வண்டிகள்ல வர்ற மாதிரி எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே பட்டை பெல்ட்டா போட்டுடலாம்ணே, அப்புறம் தொல்லையே இல்ல" என்றார்கள். உள்பக்கம் வரி வரியாக, எல்லா புல்லியையும் பாம்பு மாதிரி வளைந்து சுற்றி வருமே, அந்த பெல்ட். சரி என்று தலையாட்டியவன் நான்தான். அந்தத் தப்பை ஒத்துக்கொள்கிறேன்.

மாற்றி வந்த மூன்றாம் நாள், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் லோடோடு ரிவர்ஸ் எடுக்கிறேன், ஸ்டியரிங் திரும்ப மாட்டேன் என்கிறது. ஏருக்குப் பழகாத காளையின் கழுத்தைத் திருப்புகிற மாதிரி இருந்தது. ஆக்சிலேட்டர் கொடுத்தால் கொஞ்சம் இளகுகிறது, விட்டால் மறுபடி கல். கூடவே 'ஊய்ங்' என்று ஒரு சத்தம். பின்னால் இருந்த லாரிக்காரர் ஆரன் அடித்தது இன்னும் காதில் இருக்கிறது.

பட்டறைத் தம்பி போனெட்டைத் திறந்து, சத்தத்தைக் கேட்டு, "பம்ப் போச்சுண்ணே" என்றான். பெல்ட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. 8,000 ரூபாய்க்குப் பம்ப் மாற்றினோம். சத்தமும் போகவில்லை, கனமும் குறையவில்லை. அடுத்து "அப்ப ஸ்டியரிங் பாக்ஸ்தாண்ணே" என்றான். அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்துவிட்டேன்.

நான் பத்தாவது வரைக்கும் படித்தவன். ஆனால் கிணற்று மேட்டில் ஆயில் என்ஜினோடு முப்பது வருஷம் மாரடித்திருக்கிறேன். பம்ப் தண்ணீர் எடுக்கவில்லை என்றால் எங்க ஊரில் எவனும் முதலில் பம்பைக் கழற்ற மாட்டான். பெல்ட் நழுவுதா, உறிஞ்சுகிற குழாயில் காத்து வாங்குதா, புல்லி சைஸ் சரியா என்று பார்ப்போம். ஸ்டியரிங் பம்பும் பம்புதானே? தண்ணீருக்குப் பதில் ஆயில், அவ்வளவுதான்.

முதலில் ஆயில் டப்பா மூடியைத் திறந்தேன். உள்ளே ஆயில் நுரை தள்ளிக் காப்பி மாதிரி இருந்தது. அப்படியென்றால் காத்து. டப்பாவில் இருந்து பம்புக்கு வருகிற ஹோஸில் கிளாம்ப் சரியாக முறுக்கப்படவில்லை. வேடிக்கை என்னவென்றால், உறிஞ்சுகிற பக்கம் இளக்கம் இருந்தால் ஓடும்போது ஆயில் வெளியே கசியாது, காத்தைத்தான் உள்ளே இழுக்கும். கிணற்றுக் குழாயிலும் இதே கதைதான். கிளாம்பை முறுக்கி, நுரை அடங்கக் காத்திருந்து, முன்சக்கரம் ரெண்டையும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு வைத்து, என்ஜினை ஆஃப் செய்தபடியே ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாக இருபது தடவை திருப்பினேன். வீட்டம்மா டப்பா பக்கம் நின்று, "குமிழி வருது... வருது... இப்ப இல்லீங்க" என்று சொல்லிக்கொண்டே ஆயிலை ஊற்றினாள். ஊய்ங் சத்தம் போயே போய்விட்டது.

கனம் மட்டும் மிச்சம். பெல்ட் நழுவினால் முழுக்கத் திருப்பும்போது கிறீச்சென்று கத்தும். இதில் அது இல்லை. (கத்தினால் ஒரு வழி இருக்கிறது. என்ஜின் ஓடும்போது, கொஞ்சம் தள்ளி நின்று வரிப் பக்கத்தில் துளி தண்ணீர் தெளியுங்கள். சத்தம் அடங்கிவிட்டுக் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தால் புல்லிகள் நேர்கோட்டில் இல்லை. சத்தம் கூடினால் பெல்ட் இழுவை போதாது. தோளில் துண்டு, தொங்கும் சட்டைக் கையோடு கிட்டே போகாதீர்கள்.)

கடைசியில் டேப்பை எடுத்து புல்லிகளை அளந்தேன். அங்கே இருந்தது திருடன். பழைய பம்ப் புல்லி 5 அங்குலம். பெல்ட்டோடு மாட்டிவிட்ட புது புல்லி 7 அங்குலம். என்ஜின் பக்கம் அதே 6 அங்குலம். ஐடிலில் என்ஜின் 750 சுற்று சுற்றினால், முன்பு பம்ப் 900 சுற்றியது, இப்போது 640 சொச்சம்தான். மெதுவாகச் சுற்றும் பம்ப் எங்கிருந்து போதுமான ஆயிலைத் தள்ளும்? லேத்தில் சொல்லி 5 அங்குலத்திலேயே வரி போட்ட புல்லி கடைந்து மாட்டினேன். இப்போது ஒரு கையில் திரும்புகிறது. கழற்றிப்போட்ட பம்பில் ஒரு கோளாறும் இல்லை.

பட்டறைக்காரர்களிடம் எனக்கு இருக்கும் சண்டை இதுதான். பார்ப்பதற்கு முன்னாடியே "மாத்திடலாம்" என்கிறார்கள். பார்த்துச் சொல்வதற்குக் கூலி கேட்டால் நாம் முகம் சுளிக்கிறோம், பொருளுக்கு என்றால் எண்ணிக் கொடுக்கிறோம். அதனால் அவர்களும் பொருளையே விற்கிறார்கள். இதில் நம் பங்கும் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். அடுத்த முறை பம்ப் போச்சு என்று யாராவது சொன்னால், ஆயிலில் நுரை இருக்கா, பெல்ட் நழுவுதா, எதை மாத்தினதுக்கு அப்புறம் இது வந்தது என்று கேளுங்கள். பார்த்துச் சொன்னால் அதற்கு 300 ரூபாய் தனியாகக் கொடுங்கள்.

பட்டை பெல்ட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. மாற்றினால் புல்லி, பிராக்கெட், டென்ஷனர் எல்லாம் ஒரே என்ஜினின் செட்டாக மாற்ற வேண்டும். பாதி அதில் பாதி இதில் என்று கலந்தால் இப்படித்தான். இன்னொன்று, என் வண்டியில் பிரேக்குக்கான வேக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. முன்பு ஸ்டியரிங் பெல்ட் அறுந்தால் ஸ்டியரிங் மட்டும் கனக்கும். இப்போது இந்த ஒற்றை பெல்ட் அறுந்தால் ஸ்டியரிங் கனத்து, சார்ஜ் நின்று, என்ஜின் சூடாகி, ரெண்டு மிதிக்கு அப்புறம் பிரேக்கும் கட்டை மாதிரி ஆகிவிடும். அதனால் சீட்டுக்கு அடியில் ஸ்பேர் பெல்ட் ஒன்று வைத்துக்கொண்டுதான் பழனி மலையடிவாரப் பக்கம் லோடு ஏற்றுகிறேன்.

நல்ல பம்பை உரச் சாக்கில் சுற்றி மாட்டுக் கொட்டகையில் தொங்க விட்டிருக்கிறேன். "எட்டாயிரம் ரூபாய் திருஷ்டி பொம்மை" என்று வீட்டம்மா தினமும் ஒரு தடவை சொல்லிக் காட்டுகிறாள்.